முதல் மழையைக் கீழே விடுங்கள்: வறண்ட ஊரில் மாடி மழைநீரைக் குடிக்கச் சேமிப்பவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலாடி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஒரு வாரத்தில் விஷயம் புரிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் குடக் கணக்கில் வண்டித் தண்ணீர் வாங்க வேண்டும். மொட்டை மாடியில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வருஷம் பூராவும் குடித்தால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரும். நல்ல யோசனைதான். ஆனால் கேரளத்தில் ஓட்டுக்கூரை மழைக்காலம் முழுக்கக் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். ராமநாதபுரத்தில் மாடி ஏழெட்டு மாதம் காய்ந்து கிடக்கும். அந்த ஏழெட்டு மாதத்துப் புழுதி, புறா எச்சம், பல்லிப் புழுக்கை, அணில் இழுத்துப்போட்ட குப்பை, கரிமூட்டப் புகை எல்லாம் முதல் மழையோடு சேர்ந்துதான் குழாயில் இறங்கும். வறண்ட ஊரில் மழைநீரால் நோய் வர ஒரு முக்கிய வழி அந்த ஒரு நாள். இன்னொரு வழி, நீர் தொட்டியில் மாதக்கணக்கில் நிற்பது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு பெரும்பாலான வீடுகளில் நிலத்துக்குள் நீரை இறக்கும் ஏற்பாடு. வீட்டில் ஏற்கெனவே குழாயும் ஜல்லிக் குழியும் இருந்தால், அதை அப்படியே ஒரு தொட்டிக்குத் திருப்பிவிட்டு 'குடிநீர் ரெடி' என்று நினைக்கக் கூடாது. பல வீடுகளில் அதே குழாயில் ஏசி தண்ணீர், மாடித் தொட்டி நிரம்பி வழிவது, சில இடங்களில் மாடிக் குளியலறைத் தண்ணீர்கூட இணைந்திருக்கும். மாடியில் ஒரு வாளி நீரை ஊற்றி, எது எங்கே வெளியே வருகிறது என்று ஒவ்வொரு குழாயாகப் பாருங்கள்.

கணக்கு முதலில்

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 540 சதுர அடி மாடி என்பது 50 சதுர மீட்டர். ஆவியாவது, தெறிப்பது, தளம் உறிஞ்சுவது என்று ஐந்தில் ஒரு பங்கு போனால், 1 மி.மீ. மழைக்கு 40 லிட்டர் கைக்கு வரும். மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அந்த மூன்று மாதத்தில் 450 மி.மீ. என்று வைத்தால் 18,000 லிட்டர்.

தேவை எவ்வளவு? குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் நான்கு பேருக்கு நாளைக்கு 25 லிட்டர் தாராளம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 270 நாள் என்றால் 6,750 லிட்டர். ஆக, 7,000 லிட்டர் தொட்டி போதும்.

வருவது 18,000, வைக்க இடம் 7,000. மழை பாதியாகப் பொய்த்தாலும் 9,000 வரும். வறண்ட ஊர்க்காரருக்குத் தண்ணீரைக் கீழே விட மனசு வராது. முதல் மழை தரையில் ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரியும். அந்தச் சிக்கனம்தான் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிறது. அழுக்கு நீரைக் கொட்டக் கணக்கு இடம் தருகிறது, தைரியமாகக் கொட்டுங்கள்.

மாடி

கான்கிரீட் தளமும் தட்டோடு பதித்த தளமும் நல்லவை. ஓட்டுக்கூரையும் சரி. துருப்பிடிக்காத தகரக் கூரை இன்னும் சுத்தம்: வழுவழுப்பில் அழுக்கு நிற்காது, உச்சி வெயில் சூட்டில் கிருமியும் குறையும். ஆனால் பழைய பெயிண்ட் உரியும் தகரம் வேண்டாம், அதில் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. கொதிக்கவைத்தாலும் குளோரின் போட்டாலும் காரீயம் போகாது. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி அதன் அளவு கூடத்தான் செய்யும். பனையோலைக் கூரை நீர் பழுப்பாக, மண்வாசனையோடு வரும், குடிக்க ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஆபத்து குடிப்பதைவிட மூச்சில் போவதில்தான் அதிகம். உடைந்த ஷீட்டை அறுப்பதோ, காய்ந்த ஷீட்டைத் துடைப்பத்தால் தேய்ப்பதோ கூடாது. அந்த நீரைத் துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் தணிக்க மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது இப்போது பரவலாக இருக்கிறது. குடிநீர்த் தொட்டிக்கு உகந்தது என்று டப்பாவிலேயே போட்டிருந்தால் மட்டும் அந்த மாடி நீரைக் குடியுங்கள்.

மாடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வேப்பங்கிளையை வெட்டுங்கள். இலை உதிர்வது சின்னப் பிரச்சினை. அதில் உட்காரும் காக்கையும், அதன் வழியே இறங்கும் எலியும் அணிலும்தான் பெரிய பிரச்சினை. பறவை, பல்லி எச்சத்தில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற வயிற்றுக் கிருமிகள் வரும். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி. புறாவுக்குத் தானியம் போடும் வழக்கம் இருந்தால் அந்த மாடியையும் குடிநீரையும் சேர்க்காதீர்கள், இரண்டில் ஒன்றுதான். மிளகாய் வற்றல், வடகம், கருவாடு காயப்போடும் வேலையும் செப்டம்பரோடு முடியட்டும்.

செப்டம்பர் கடைசியில் மாடியைக் கூட்டுங்கள். காய்ந்த எச்சத்தைப் புழுதி பறக்கப் பெருக்கினால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். முதலில் தண்ணீர் தெளித்து நனையவிட்டு, வாயில் துணியோ முகக்கவசமோ கட்டிக்கொண்டு கூட்டுங்கள். அதற்கு உப்புத் தண்ணீரே போதும்.

முதல் தண்ணீரைத் தள்ளும் குழாய்

இந்த ஏற்பாட்டில் ஒரு பாகத்துக்குத்தான் காசு செலவழிப்பேன் என்று அடம்பிடித்தால், அந்தக் காசை இதில் போடுங்கள்.

மாடியிலிருந்து 4 அங்குல பிவிசி குழாய் இறங்குகிறது. தரையிலிருந்து சுமார் 12 அடி உயரத்தில் அதில் ஒரு 'டி' இணைப்பு வையுங்கள். பக்கவாட்டுக் கிளை தொட்டிக்குப் போகும். நேர் கீழே 4-க்கு 6 ரெடியூசர் (4 அங்குலக் குழாயை 6 அங்குலக் குழாயோடு சேர்க்கும் துண்டு) போட்டு, 6 அங்குலக் குழாய் 3 மீட்டர் நீளத்துக்கு இறங்கும். இந்த அளவுக் குழாய் மீட்டருக்கு 17 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், ஆக 3 மீட்டருக்கு 50 லிட்டர். அடியில் திருகி எடுக்கக்கூடிய மூடி. மூடிக்கும் தரைக்கும் நடுவே ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் கை நுழையாது, கை நுழையாத மூடியை யாரும் திறக்க மாட்டார்கள். குழாய்க்குள் 5 அங்குல விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் பந்து. அழுக்கு நீர் நிரம்ப நிரம்பப் பந்து மிதந்து மேலேறி ரெடியூசரின் 4 அங்குல வாயில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பின் வரும் நீர் பக்கக் கிளை வழியே தொட்டிக்குத் திரும்பும்.

நிரம்பிய குழாய் 50 கிலோ கனக்கும். சுவரில் மூன்று இடத்திலாவது கிளாம்ப் போடுங்கள்.

மூடியில் 2 மி.மீ. ஓட்டை ஒன்று போட வேண்டும். மழை விட்டபின் இரண்டு மணி நேரத்தில் குழாய் தானாகக் காலியாகி, அடுத்த மழைக்குத் தயாராகும். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். அந்த ஓட்டையை ஒரு வேப்பங்காம்போ, கொஞ்சம் களிமண்ணோ அடைத்துவிடும். குழாய் நிறைந்தபடியே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பத்து நாள் கழித்துப் பெய்யும் மழையின் அழுக்கு முழுவதும் நேராகத் தொட்டிக்குப் போய்விடும். மழை நின்றதும் மூடியடியில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். குழாயைக் கையால் தட்டினாலும் போதும், நிறைந்ததும் காலியானதும் சத்தத்தில் தெரியும். வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றி அடிச்சேற்றைக் கொட்டுங்கள். முதல் இரண்டு தடவை வெளியே வருவதை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள்: டீ நிறத்தில், மேலே இறகும் எறும்பும் மிதந்து, அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்பு வண்டல் இருக்கும்.

50 லிட்டர் என்பது நம் 50 சதுர மீட்டர் மாடிக்கு 1 மி.மீ. மழை. சீசன் நடுவில் இது போதும், சீசன் தொடக்கத்தில் போதாது. எனவே அக்டோபரின் முதல் இரண்டு நல்ல மழைக்கு மூடியைக் கழற்றியே வைத்திருங்கள்; எல்லாம் கீழே போகட்டும். அதே மாதிரி, ஏப்ரல், மே கோடை மழையைத் தொட்டிக்குள் விடவே விடாதீர்கள். நான்கு மாதப் புழுதியைக் கழுவ இரண்டு மழையாவது வேண்டும், கோடையில் வருவதே அந்த இரண்டு மழைதான். டிசம்பர் கடைசியில் அடி மூடியைக் கழற்றிவிட்டு, தொட்டிக்குப் போகும் கிளையில் உள்ள வால்வை அடைத்தால் அடுத்த அக்டோபரில்தான் திறக்க வேண்டும்.

வடிகட்டி

கடைக்காரர் இதைத்தான் முதலில் விற்பார். 200 லிட்டர் டிரம்மில் அடியில் 20 மி.மீ. ஜல்லி, மேலே சிறு ஜல்லி, அதன்மேல் ஒரு அடி கழுவிய ஆற்றுமணல், மேல்வாயில் கொசுவலை என்று நீங்களே செய்துகொள்ளலாம். இடையில் கொட்டாங்குச்சிக் கரி போடுவதானால் வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். மணல் வடிகட்டி தூசியைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது. வடிகட்டியை நம்பி முதல் தண்ணீர்க் குழாயை வைக்காமல் விட்டவர்களுக்கு ஒரே மழையில் மணல் அடைத்துக்கொள்ளும். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் அடித்தால் நம் மாடியிலிருந்து நிமிடத்துக்கு 50 லிட்டர் இறங்கும். அதற்கு ஈடுகொடுக்க டிரம்மின் மேற்பக்கத்தில் வழிந்தோடும் குழாய் ஒன்று வேண்டும். மழைக்கும் மழைக்கும் நடுவில் ஈர மணல் மூடிக்கிடந்தால் அழுகல் நாற்றம் வரும். அடியில் ஒரு வடிகுழாய் வைத்து, மழை நின்றதும் வடித்துவிடுங்கள். சீசன் முடிந்தால் மணலை அள்ளி வெயிலில் கொட்டுங்கள்.

தொட்டி

முடிந்தவரை தரைக்கு மேலே வையுங்கள். தரைக்குக் கீழே சம்ப் கட்டினால் விரிசல் எங்கே விட்டது என்று தெரியாது. செப்டிக் டேங்க் பக்கத்தில் இருந்தால் அந்த விரிசல் வழியே உள்ளே வருவதும் தெரியாது. தண்ணீர் தெளிவாகவே இருக்கும்.

தொட்டிக்குள் வெளிச்சம் புகக் கூடாது, புகுந்தால் பாசி பிடிக்கும். கறுப்பு சிண்டெக்ஸ், சிமென்ட் தொட்டி இரண்டும் சரி. புதிய சிமென்ட் தொட்டி முதல் நீரில் சுண்ணாம்பைக் கக்கும். நாக்கில் வழவழப்பும் சுண்ணாம்புக் காரமும் தெரியும். உப்புத் தண்ணீரையாவது நிரப்பி ஒரு வாரம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு மழையை விடுங்கள்.

உள்ளே வரும் குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்கி, முனையை மேல்நோக்கி வளைத்துவிடுங்கள். உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்தால் அடியில் படிந்த வண்டல் கலங்கி மறுபடி நீரில் கலக்கும். எடுக்கும் குழாய் தரையிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்கட்டும். தரைமட்டத்தில் தனியாக ஒரு கழிவு வால்வு. குடம், வாளி, சொம்பு எதையும் மேல்வழியே விட்டு மொள்ளக் கூடாது. மற்றெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கயிறு கட்டிய வாளியால் தொட்டியைக் கெடுப்பது பரவலான தவறு. மூடிக்குப் பூட்டும் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திறந்த சம்ப்பைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

கொசு

வறண்ட ஊரில் டெங்கு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீரைச் சேமித்து வைக்கும் ஊரில்தான் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள்ளேயே இடம் கிடைக்கிறது. அதற்குச் சாக்கடை வேண்டாம், உங்கள் மழைநீர் மாதிரி சுத்தமான நீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டும் முட்டை, தண்ணீர் இறங்கிக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். அதனால் காலியான தொட்டியின் சுவரைத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த மழையை விடக் கூடாது.

உள்வரும் வாய், வழிந்தோடும் குழாய், காற்றுக்குழாய் மூன்றிலும் 1 மி.மீ.க்கு மேற்படாத கண்ணுள்ள வலை. துருப்பிடிக்காத எஃகு வலையே மேல், நைலான் வலை வெயிலில் நொறுங்கும். ஆள் இறங்கும் மூடியில் இடுக்கு இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். துள்ளும் புழு தெரிந்தால் எங்கோ வழி இருக்கிறது. முதல் தண்ணீர்க் குழாயில் தேங்கும் நீரிலும் இது நடக்கும், ஓட்டை அடைபடக் கூடாது என்பதற்கு அது இரண்டாவது காரணம். சுகாதாரப் பணியாளர்கள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வந்தால் தொட்டியின் கொள்ளளவைச் சரியாகச் சொல்லுங்கள், அளவு அதைப் பொறுத்தது. நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள்.

குடிக்கும் முன்

7,000 லிட்டருக்கும் மொத்தமாகக் குளோரின் போட்டு ஒன்பது மாதம் வைக்க முடியாது, சில நாளில் அதன் வீரியம் போய்விடும். எடுக்கிற தண்ணீரைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கொதிக்கவைப்பதானால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், ஆறவைத்து மூடிய பாத்திரத்தில் வையுங்கள். குளோரின் என்றால் 20 லிட்டருக்கு 0.5 கிராம் மாத்திரை ஒன்று, அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம். 500 லிட்டர் டேங்க் வைத்து எடுப்பவர்கள் 2 கிராம் ப்ளீச்சிங் பவுடரை ஒரு மக்கில் குழைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். கட்டி தட்டிய, நெடி போன பவுடர் வெறும் சுண்ணாம்பு. வெயிலுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் என்பதால் இன்னொரு வழியும் உண்டு: 2 லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, படுக்கவைத்து 6 மணி நேரம் நேர்வெயிலில் வையுங்கள், மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரக மாற்றுச் செய்தவர் வீட்டில் கொதிக்கவைத்தே கொடுங்கள்.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரோடு வருபவர்களிடம் கவனம். மழைநீரில் அது மிகக் குறைவாகக் காட்டும், உப்பு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். புறா எச்சம் கரைந்த நீரிலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். மழைநீரை ஆர்.ஓ. மெஷினில் விடுவதும் வீண்: உப்பே இல்லாத நீரில் எடுக்க உப்பில்லை, பாதி நீர் கழிவாகப் போகும். கருவிதான் வேண்டும் என்றால் தூசி வடிகட்டியோடு, கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு உள்ளது போதும். மழைநீரில் சத்தில்லை, எலும்பு தேயும் என்ற பேச்சுக்கும் அஞ்ச வேண்டாம். சுண்ணாம்புச் சத்து நமக்குப் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது.

ஜனவரியிலும் மே மாதத்திலும் ஒரு சோதனை செய்யுங்கள். எச்2எஸ் என்ற சோதனைக் குப்பியில் கோடு வரை நீரை ஊற்றி, வீட்டுச் சூட்டில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் மலக்கிருமி கலந்த நீர் கறுக்கும். கறுக்கவில்லை என்பதால் முழுச் சுத்தம் என்று ஆகாது. கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். விரிவான சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது.

கழுவும் நாள்

தொட்டி காலியாகும் செப்டம்பர்தான் சரியான நேரம். 15 லிட்டர் வாளிக்கு 10 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, தென்னை நார்த் துடைப்பத்தால் சுவரைத் தேய்த்து, கழிவு வால்வு வழியே இரண்டு முறை அலசுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அதோடு கலந்துவிடாதீர்கள், கிளம்பும் குளோரின் புகை மூடிய இடத்தில் உயிரை வாங்கும். ஆள் இறங்குவதானால் முந்தின நாளே மூடியைத் திறந்துவைத்து, வெளியே இன்னொருவர் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் அவரைத் தூக்கப் பின்னாலேயே குதிக்கக் கூடாது. இடுப்பில் கட்டிய கயிறு அதற்குத்தான்.

வறண்ட ஊருக்கும் வெள்ளம் வரும். 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு நாளில் தெருத்தண்ணீர் சம்ப் மூடிக்கு மேல் ஏறினால், உள்ளே இருப்பது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் மழைநீர் அல்ல. ஊர்ச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் கலந்த நீர். முழுவதையும் இறைத்துக் கொட்டுங்கள். தேய்த்துக் கழுவி, நல்ல நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 165 கிராம் வீதம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தெளிவை ஊற்றி, ஒரு நாள் விட்டு அதையும் கொட்டுங்கள். வெள்ளநீரில் காலை வைத்த யாருக்காவது அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் வெள்ளநீரில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுக்க வேண்டும்.